ஆலைகள் சூழ்ந்த எர்ணாவூரை விட்டு இளைஞர்கள் கிளம்புவது ஏன்?

வேலை இல்லாத ஊரிலிருந்துதான் இளைஞர்கள் வெளியேறுவார்கள் என்பது பொதுவான கணக்கு. எர்ணாவூரில் அந்தக் கணக்கு பொருந்தாது. 1948-ல் தொடங்கிய அசோக் லேலண்ட், மணலி சுத்திகரிப்பு ஆலை, 2001 முதல் இயங்கும் எண்ணூர் துறைமுகம் என்று சுற்றிலும் தொழில்தான். "பக்கத்துலயே இவ்ளோ கம்பெனி இருக்கே, ஏன் போறாங்க?" என்று கேட்கத் தோன்றும்.

அப்பா பார்த்த தொழில்

கடலும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரமும்தான் இங்குள்ள மீனவர்களுக்குச் சோறு போட்டன. இறாலும் நண்டும் கிடைத்த ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு ஆற்றிலும் வீடுகளிலும் புகுந்தது. படகும் வலையும் கறுத்துப்போன வீட்டில் எந்த அப்பா, "நீயும் தொழிலுக்கு வா" என்று மகனைக் கூப்பிடுவார்?

ஆலை வேலை கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் ஐடிஐ, டிப்ளமோ முடித்தவருக்கும் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். அதே சம்பளம் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கிடைத்தால், புகையில்லாத இடத்தில் வாடகைக்குப் போகலாம் என்று நினைப்பதில் தப்பு என்ன?

பயமும் ஒரு காரணம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அப்படி ஓடிய ஒரு குடும்பம், "நீயாவது வெளியில போய்ப் பொழைச்சுக்கோ" என்று பிள்ளையிடம் சொன்னால் அதைப் பேராசை என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலைய இடத்தில் 660 மெகாவாட் புதிய திட்டம் பேசப்படுகிறது. இது போன்ற ஒவ்வொரு திட்டத்தின்போதும் வேலைவாய்ப்பு வாக்குறுதி வருகிறது. வாக்குறுதியைச் சோதிக்க வழி இருக்கிறது. 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் சுற்றுவட்டார வார்டுகளைச் சேர்ந்தவர்கள், எத்தனை பேர் நிரந்தரமானார்கள் என்பதை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடட்டும். கூடவே ஆற்றில் படிந்த சாம்பலையும் அள்ளட்டும். அதற்குப் பிறகும் இளைஞர்கள் கிளம்பினால், அது அவர்கள் விருப்பம்.