ஆண்களுக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் ஸ்கேன் எடுக்கும் டாக்டர் நான், பெண். எங்கள் காத்திருப்பு அறையில் பெரும்பாலும் கர்ப்பிணிகள்தான். கையில் தண்ணீர் பாட்டில், மடியில் ஃபைல். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகைக்குக் கீழே ஒரு பையன் தலையைக் குனிந்து மொபைலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிடும். உள்ளே வந்ததும் கேட்பான்: "ஜென்ட்ஸ் டாக்டர் இல்லையா, மேடம்?" இல்லை என்றதும் சிலர் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போயே போய்விடுகிறார்கள்.

ஸ்கேனுக்குப் படுக்கிறவர்களிடம் விரையில் கட்டி எவ்வளவு நாளாக என்று கேட்டால், "ரெண்டு மாசம் இருக்கும்" என்பார்கள். கூட வந்த சிநேகிதனை வெளியே அனுப்பினால் அது ஆறு மாசமாகும். காரணமும் தயாராக இருக்கும்: பைக் டேங்கில் இடித்தது, பந்து பட்டது, உடம்புச் சூடு. சூட்டுக்கு வெந்தயம், இளநீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடிபட்டுப் புற்றுநோய் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவும்போது முன்பே இருந்த கட்டி கையில் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். "வலியே இல்லை மேடம்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் கவலை. விரையில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. (திடீரென்று உயிர் போகிற வலி என்றால் சங்கதி வேறு. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.)

ஸ்கேன் பத்து நிமிஷ வேலை. நல்ல விரை திரையில் ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். அதைச் சுற்றிக் கறுப்பாக இருந்தால் நீர். ஊரில் ஓதம் என்பார்கள். பலருக்கு இந்த மாதிரி ஏதாவதுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். சாம்பலுக்கு உள்ளேயே கருமையாக ஒரு திட்டு தெரிந்தால், அன்றைக்கே யூராலஜி டாக்டருக்கு நானே போன் செய்துவிடுவேன். ரத்தத்தில் பீட்டா எச்சிஜி பார்ப்பார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே ஹார்மோன்தான். ஆண் உடம்பில் அது ஏறியிருக்கக் கூடாது. புற்று என்ற சந்தேகம் வலுத்தால் விரைப்பையில் ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை. அடிவயிற்றோரம் கீறி அந்த விரையையே எடுத்துவிடுவார்கள். அப்புறம் கல்யாணம், குழந்தை? மற்றொரு விரை நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்தும் வைக்கலாம்.

விரைப் புற்று அரிதான நோய்தான். ஆனால் வருவது பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள். ஆரம்பத்தில் பிடித்தால் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பரவிய பிறகும் வழி உண்டு. 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து கதையே மாறிவிட்டது. இதே குடும்பத்துக் கட்டி நெஞ்சுக்குள் வந்தபோது, 2012-இல் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் போனதும் அவரிடம்தான்.

"இளைஞர்களே, கூச்சத்தை விடுங்கள்" என்ற உபதேசம் எனக்குப் பிடிக்காது. கூசும்படி இடத்தை வைத்திருப்பது நாம். டோக்கன் கூப்பிடும் பெண் "விரை ஸ்கேன் யாருங்க?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டால் எவன் எழுந்து வருவான்? எங்கள் இடத்தில் நம்பரை மட்டும்தான் கூப்பிடுகிறோம். இந்தச் சமாச்சாரத்தைப் பொதுவில் சத்தமாகப் பேசுகிறவர்கள் ராத்திரி டிவியில் வரும் லாட்ஜ் வைத்தியர்கள் மட்டும்தான் என்பது நம் டாக்டர்களுக்குப் பெருமையில்லை. சிற்றூர் ஸ்கேன் சென்டர்கள் நாலைந்து சேர்ந்து ஓர் ஆண் டாக்டரை வரவழைத்து, வாரத்தில் ஒரு மாலையை ஆண்களுக்கென்று ஒதுக்கலாம். கல்லூரியில் ரத்ததான முகாம் நடக்கிற அன்று ஓர் ஆண் நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு பையன்களிடம் பத்து நிமிஷம் பேசலாம். அதற்கு அரசாணை ஒன்றும் வேண்டாம். பிரின்சிபால் சரி என்றால் போதும்.