ஆசிரியர் சுமை யார் சுமை?

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி என்று ஆசிரியரைப் புகழ்கிறோம். 1962 முதல் செப்டம்பர் 5-ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால், மெழுகு உருகித் தீர்ந்தபின் இருட்டில் நிற்கப் போவது யார்? எண்ணிப் பார்த்தோமா?

ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 40 மாணவர்கள் என்று கொள்வோம். மொத்தம் 160 நோட்டுகள். நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 480 நிமிடங்கள். அதாவது எட்டு மணி நேரம்! ஒரு முறை திருத்துவதற்கு மட்டும் இவ்வளவு. பாடம் நடத்துவதும் அதற்கு ஆயத்தமாவதும் இதில் சேரா.

இவற்றோடு பதிவேடுகள், 'எமிஸ்' இணையதளப் பதிவுகள், நலத்திட்டப் பொருள்கள் வழங்கல் வேறு. எட்டாம் வகுப்பு வரைக்குமான 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர, கல்வி சாராத வேலைகளை ஆசிரியர் தலையில் சுமத்தலாகாது என்கிறது. அந்த மூன்றுமே போதாவா? இத்தனைக்கும் பிறகு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், "விழுக்காடு ஏன் குறைந்தது?" என்ற கேள்வி மட்டும் அவரைத் தேடி வருகிறது.

"ஊதியம் உண்டு, கோடை விடுமுறை உண்டு, இவர்களுக்கு என்ன குறை?" என்பார் சிலர். மற்ற பணிகளிலும் சுமை உண்டுதான். ஆனால் எழுத்தர் களைத்தால் கோப்பு ஒரு நாள் காத்திருக்கும். ஆசிரியர் களைத்தால் பிள்ளையின் பருவம் காத்திராது.

படித்த பெற்றோரின் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆசிரியர் உண்டு. வசதி படைத்த பிள்ளைக்கு டியூஷன் உண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோருக்கு யார் உண்டு? கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பவும் எங்களுக்குப் பள்ளி ஆசிரியரே துணை. அவர் மனம் சோர்ந்து வகுப்புக்குள் நுழைந்தால், முதலில் இழப்பவன் ஏழை வீட்டுப் பிள்ளையே. ஆகவே, இது ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கை மட்டுமன்று, நம் கோரிக்கையுமாகும்.

ஆசிரியரின் வேலை நேரத்தை வகுக்கும்போது, பாடத் தயாரிப்புக்கும் திருத்துவதற்கும் ஆகும் நேரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று 1966-லேயே யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பரிந்துரைத்தன. அதைச் செய்வோம். பதிவு வேலைகளுக்குப் பள்ளிதோறும் எழுத்தரை அமர்த்துவோம். கூட்டங்களில் விழுக்காட்டைக் கேட்கும்முன் அவருடைய குறையையும் கேட்போம்.

ஆண்டுக்கொரு நாள் போடும் மாலை அன்று மாலையே வாடிவிடும். ஆசிரியருக்கு நாம் மீட்டுத் தரும் நேரமோ, நம் தம்பி தங்கையரின் படிப்பாக மலரும்!