ஆபீஸ் பாலிசி மட்டும் போதுமா?

“கம்பெனியிலேயே ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கு. தனியா வேற எதுக்குக் கட்டணும்?” – பலரும் கேட்கும் கேள்வி இது.

நியாயமான கேள்விதான். குரூப் பாலிசியில் பிரீமியத்தைப் பெரும்பாலும் கம்பெனியே கட்டிவிடும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கும் பல கம்பெனி பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு.

ஆனால், ராஜினாமா, ஆட்குறைப்பு, ஓய்வு என எதுவானாலும் வேலையோடு அந்த பாலிசியும் போய்விடும். 58 வயதில் புதிதாக பாலிசி தேடினால், வயதுக்கேற்ப பிரீமியம் எகிறும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்கவும் நேரலாம். 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ குறைத்த பிறகுதான் இந்த 3. அதற்கு முன் 4.

எனவே, உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயரில் சின்னதாக ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுத்துவிடுங்கள். ஆபீஸ் பாலிசி கைகொடுக்கும் காலத்திலேயே இதன் காத்திருப்புக் காலம் கழிந்துவிடும்.

செலவு? 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. முன்பு 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 3,600 ரூபாய் வரி சேரும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, 25,000 ரூபாய் வரை கழிவும் உண்டு.

வேலையை விடப்போகிறீர்களா? கடைசி நாளுக்கு முன்பே, அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என ஹெச்.ஆரிடம் கேளுங்கள். குரூப் பாலிசியில் இருந்த ஆண்டுகள், காத்திருப்புக் காலத்தில் கழியும். பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.