துப்பாக்கிப் புராணம் - 5: ஓட்டை சொன்ன பொய்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா தீசிஸை மூடி வச்சுட்டு கிளப்புக்கு ஓடிடுவேன்னு போன பதிவுலயே சொல்லியிருந்தேன். நம்மூர்ல கேரம் போர்டு கிளப் இருக்குற மாதிரி இங்க ஜெர்மனியில சின்ன ஊர்ல கூட துப்பாக்கி சுடுற சங்கம் இருக்கும். நான் இருக்கறது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கோஷ்டி. ஆனா இந்த வாரப் பஞ்சாயத்து துப்பாக்கியைப் பத்தி இல்ல, காகிதத்தைப் பத்தி.

ஒரு நாளைக்கு 40 குண்டு சுட்டா, அஞ்சு வட்டம் போட்ட அட்டை எட்டு காலி. மாணவன் பர்ஸ் தாங்குமா? யுனிவர்சிட்டி பிரிண்டர்ல சாதா ஏ4 தாள்ல வட்டத்தை அச்சடிச்சு எடுத்துட்டுப் போனேன். 400க்கு 371! எப்பவும் 350ஐத் தாண்டவே தவிக்கிற ஆளு நான். அம்மாவுக்குப் போன் போட்டா, "மீதி 29 எங்கடா?"ன்னாங்க :-)

அடுத்த வாரம் கிளப் அணிக்கு ஆள் எடுக்கறாங்க. 371ன்னா இடம் உறுதி. பயிற்சி குடுக்கற பெரியவர்கிட்ட தாளை நீட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லல, விளக்குக்கு நேரா தூக்கிப் பிடிச்சார். ஓட்டை ஒவ்வொண்ணும் நட்சத்திரம் மாதிரி கிழிஞ்சிருந்துச்சு.

விஷயம் இதுதான். பத்துங்கறது வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. அடுத்தடுத்த வளையத்துக்கு நடுவுல 2.5 மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் குண்டோட ஓரம் கோட்டைத் தொட்டாலே உள் வளையத்து மதிப்பெண். அதனால ஓட்டை ஒரு மில்லிமீட்டர் கூடக் கிழிஞ்சா 8 கூட 9 ஆயிடும். சந்தேகம் வந்தா ஓட்டைக்குள்ள அளவுகோல் குச்சியை விட்டுப் பாப்பாங்க. கிழிஞ்ச ஓட்டையில அது நடுவுல நிக்காது.

ஏன் கிழியுது? இங்க லைசென்ஸ் இல்லாம வாங்கற ஏர் ரைஃபிளுக்கு 7.5 ஜூல்தான் உச்சம். அரை கிராம் குண்டு விநாடிக்கு சுமார் 170 மீட்டர்ல போகுது. மட்டமான தலை இருக்கற குண்டு, ஆபீஸ் பஞ்சிங் மெஷின் மாதிரி வட்டமா வெட்டும். ஆனா வெட்டுப்படறதுக்குக் காகிதம் விறைப்பா நிக்கணும். மெல்லிசுத் தாள் வளைஞ்சு குடுத்துப் பிய்ஞ்சுடும். கூர்த்தலை, உருண்டைத்தலை குண்டா இருந்தா இன்னும் மோசம். நார் விலகி, மறுபடி மூடிக்கும்.

பெரியவர் நிஜ அட்டையில 40 சுடச் சொன்னார். ஓட்டை எல்லாம் கத்தரிச்ச மாதிரி சுத்தம். எண்ணினா 352. பேனாவைத் திறந்து, "எதை எழுதட்டும்?"னு மட்டும் கேட்டார். ரெண்டு நிமிஷம் தொண்டை அடைச்சுடுச்சு. 352ன்னேன். அணியில இடம் கிடைக்கல.

2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா கடைசி குண்டு 10.8 அடிச்சப்போ எண்ணினது எலக்ட்ரானிக் இலக்கு. அங்க கிழிசல் தகராறே கிடையாது. நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் காகிதம்தானே? அதனால நான் கத்துக்கிட்டது:

- மட்டத்தலை குண்டு மட்டும்.
- அச்சடிச்சே ஆகணும்னா கெட்டி அட்டை, வழவழப்பு இல்லாதது. ஈரம் பட்ட அட்டை வேண்டாம்.
- பிரிண்டர்ல 'பக்கத்துக்கு ஏத்த மாதிரி சுருக்கு'ங்கறதை எடுத்துடுங்க. ஸ்கேல் வச்சு அளங்க, நடு கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர் இருக்கணும்.
- அட்டை தொய்யாம நாலு ஓரமும் இறுக்கிப் பிடிங்க.
- ஒரு வட்டத்துக்கு ஒரே குண்டு. ஓட்டை மேல ஓட்டை விழுந்தா யாராலயும் எண்ண முடியாது.

மிச்சம் பிடிச்ச காசுல ஒரு மாசம் என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். இப்ப அட்டை காசு குடுத்து வாங்கறேன், வாரத்துக்கு 20 குண்டுதான். நேத்து 20க்கு 179. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, மீதி 21 எங்கன்னு கேப்பாங்க.

அடுத்த வியாழன் பாப்போம்.