பின்னணி: ‘இல்லை’

‘நம்ம பேண்டைப் பத்திச் சிரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் கொடுடா, போட்டோவோட போட்டுடலாம்’ என்றுதான் மலர்க்குழு நண்பர் கேட்டார். சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். நடுவில் ஒரு படிவம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேண்டை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் ஜெனரேட்டர் ரூம் பக்கம் சத்தம் வந்தால் அது நாங்கள்தான். (ஜெனரேட்டர் ஓடும்போது கூட நாங்கள் என்றே நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.) சொந்தப் பாட்டு ஒன்றும் கிடையாது. பீட்டில்ஸ், டீப் பர்ப்பிள், பிளாக் சாபத் என்று ஊரான் பாட்டையெல்லாம் எடுத்து வாசிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

போன செமஸ்டரில் வெளியூர்க் கல்லூரி ஒன்றின் கலைவிழாவுக்குப் போனோம். ‘மேற்கத்திய இசைக்குழு’ப் போட்டி. நுழைந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், படிப்பு, வாத்தியம், நாலாவதாக ஒரு கட்டம்: ‘இசைப் பின்னணி’. கையெழுத்து கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கும் என்பதால் என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

கீபோர்டுக்காரன்: சர்ச் கொயர், ஒன்பது வருஷம். லீட் கிடார்: டிரினிட்டி பரீட்சை, அஞ்சாவது கிரேடு. பேஸ் கிடார்: ஆறாம் வகுப்பிலிருந்து மிருதங்கம். (இவன் இன்னமும் ஒவ்வொரு பாட்டையும் தகதிமி போட்டுத்தான் எண்ணுவான். ஆனால் ஒரு தடவைகூடத் தாளம் தப்பியதில்லை.) பாடுகிறவன்: அப்பா கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் பாடியவர். ரிதம் கிடாருக்கு நான். எனக்கென்ன பின்னணி? டவுன் பஸ்ஸில் போட்ட பாட்டும் யூடியூபும்தான். ‘சுயமாகக் கற்றது’ என்று எழுதிக்கொண்டேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

டிரம்ஸ் பக்கம் வந்தேன். ‘உனக்கு என்னடா போட?’ என்றேன். ஸ்டூலை உயர்த்திக்கொண்டே, ‘இல்லைனு போடு மாப்ள’ என்றான். போட்டேன்.

மேடையில் அறிவிப்பாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். சர்ச்சுக்குக் கைதட்டல். கிரேடுக்குப் பெரிய கைதட்டல். மிருதங்கத்துக்கு ‘ஃபியூஷன்!’ என்று அவரே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். எனக்குக்கூட இரண்டு பேர் விசிலடித்தார்கள். கடைசியில், ‘டிரம்ஸ்... பின்னணி எதுவும் இல்லை!’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கூட்டமும் சிரித்தது. அவர் மேல் தப்பில்லை, தாளில் இருந்ததைத்தான் படித்தார். எழுதியது நான்.

விஷயம் என்னவென்றால், எனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு முன்னால், ரெக்கார்டு நோட்டு வாங்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் ஆணியடித்து ஒரு பறை மாட்டியிருந்தது. வேப்பங்கட்டைச் சட்டம், மாட்டுத்தோல். பக்கத்திலேயே இரண்டு குச்சி: வலது கைக்குக் கட்டையான அடிக்குச்சி, இடது கைக்கு நீளமாய், மெலிசாய் மூங்கில் சிண்டுக்குச்சி. அவன் தாத்தா அடித்தார், அப்பா அடித்தார், சித்தப்பா இன்றைக்கும் அடிக்கிறார்.

அப்போதுதான் எனக்கு ஒரு மர்மம் விளங்கியது. டிரம்ஸில் வலது கை ஹை-ஹாட்டில் ஓடும், இடது கை ஸ்னேரில் ரெண்டாவது, நாலாவது எண்ணிக்கைக்கு ஓங்கி விழும். புதிதாகப் பழகுகிற எவனுக்கும் இடது கை கட்டையாகத்தான் இருக்கும். இவனுக்கு மட்டும் அந்த ரெண்டு அடிக்கும் நடுவில், காதில் விழுந்தும் விழாத மாதிரி பொடிப்பொடியாகத் தட்டல் வந்துகொண்டே இருக்கும். எங்கள் அஞ்சாவது கிரேடுக்காரனே ‘இது எங்க கத்துக்கிட்டான்?’ என்று மண்டையை உடைத்துக்கொண்டான். எங்கேயும் இல்லை, அது சிண்டுக்குச்சி பழகின கை. சின்ன வயசில் சித்தப்பா பக்கத்தில் நின்று தட்டியது.

அப்படியானால் ஏன் ‘இல்லை’? ‘வெட்கமாடா?’ என்று பஸ்ஸில் கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தான். ‘அப்பா அதை விட்டுட்டாருடா. ஊருல சாவு விழுந்தா ராத்திரி ஆள் வந்து வாசல்ல நின்னு கூப்பிடுவான். எங்க அப்பாவ விடச் சின்னப் பையன், பேரு சொல்லித்தான் கூப்பிடுவான். போகணும். கூலி அவங்க குடுக்கறதுதான். ஒரு நாள் போகமாட்டேன்னுட்டாரு. என்னையும் குச்சியத் தொடாத, படின்னாரு. அதைப் போயி ஒரு கட்டத்துல எழுதி நான் கைதட்டு வாங்கணுமா?’

என்னிடம் பதில் இல்லை. ‘நம் பாரம்பரியத்தில் பெருமை கொள்வோம்’ என்று மலருக்கு எழுதுவது எனக்குச் சுலபம். என் அப்பாவை யாரும் ராத்திரியில் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே! ஆகவே அவனுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. எனக்குக் கேள்வியெல்லாம் கைதட்டினவர்களிடமும், அந்தக் கட்டத்தைப் போட்டவர்களிடமும்தான்.

அன்றைக்கு நாங்கள் வாசித்தது டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. 1972ல் வந்தது. கிடார் பிடித்த எல்லாருக்கும் அரிச்சுவடி. அதில் டிரம்ஸ் வாசித்தவர் இயன் பெய்ஸ். அவர் எங்கே ஆரம்பித்தார் தெரியுமா? தன் அப்பாவின் நடன இசைக்குழுவில், வால்ட்ஸ் ஆடுகிறவர்களுக்கு அடித்துக்கொண்டு! அதே குழுவின் கீபோர்டுக்காரர் ஜான் லார்டு முறைப்படி பியானோ படித்தவர். அப்பாவிடம் பழகியவரும் பாடம் படித்தவரும் சேர்ந்ததுதான் அந்தக் குழு. இயன் பெய்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அப்பாவின் குழுவை முதல் வரியிலேயே போடுகிறார்கள். யாரும் ‘பின்னணி இல்லை’ என்று எழுதுவதில்லை.

‘அது கல்யாண மேளம் மாதிரிடா, இது சாவு மேளம்’ என்று ஒரு சீனியர் சொன்னார். சரி, சாவு மேளத்துக்கே வருவோம். நாம் ஏதோ வானத்திலிருந்து இறங்கின மாதிரிப் பார்க்கிற இந்த டிரம் செட் எங்கே பிறந்தது? இதில் பெரும்பங்கு அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களுக்குச் சொந்தம். அங்கே கறுப்பின மக்களின் பேண்டுகள் ஊர்வலத்துக்கும் வாசிக்கும், சவ ஊர்வலத்துக்கும் வாசிக்கும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாக அழுகிற நடை, அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் போடுகிற நடை. தெருவில் பெரிய டிரம் ஒருவர் கையில், சின்ன டிரம் இன்னொருவர் கையில். நடன மண்டபத்துக்குள் வந்ததும் இரண்டையும் ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். 1909ல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் நல்ல பெடல் ஒன்றைச் செய்து விற்றதும் அது இன்னும் சுலபமாயிற்று. அதே நியூ ஆர்லியன்ஸில் 1924ல் பிறந்தவர் ஏர்ல் பாமர். 1950களில் லிட்டில் ரிச்சர்டின் இசைத்தட்டுகளில் அவர் அடித்த அடிதான் ராக் அண்ட் ரோலுக்கு நடை பழக்கியது. பீட்டில்ஸ் தொடக்க காலத்தில் லிட்டில் ரிச்சர்டின் பாட்டுகளை எடுத்து வாசித்தார்கள். நாங்கள் பீட்டில்ஸை வாசிக்கிறோம். ஆக, சவ ஊர்வலத்தில் நடந்துபோனவனின் அடியில் கொஞ்சம் சுற்றிச் சுற்றி ஜெனரேட்டர் ரூம் வரைக்கும் வந்திருக்கிறது. அதை வாசித்தால் ‘வெஸ்டர்ன்’. சித்தப்பா வாசித்தால் ‘இல்லை’. இது என்ன கணக்கு?

(பிளாக் சாபத்தின் டோனி அயோமி கதையை ஒர்க் ஷாப் வாத்தியாரிடம் சொன்னால் ரசிப்பார். பிர்மிங்ஹாமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் 17 வயசில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை மெஷின் வாங்கிக்கொண்டது. அவர் இடது கைக்காரர், தந்தியை அமுக்குவதே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். அவரை அந்தப் படிவத்தில் என்ன எழுதச் சொல்வார்கள்? ‘ஷீட் மெட்டல்’ என்றா?)

இப்போது சங்கத்துக்கு. நம் கல்லூரி விழாப் படிவத்திலும் அதே ‘இசைப் பின்னணி’க் கட்டம் இருக்கிறது, யாரோ எங்கிருந்தோ பார்த்துப் போட்டது. அதை எடுத்துவிடுங்கள். வாசிக்கிறவன் வாசிக்கட்டும், காதால் கேட்டு முடிவு செய்வோம். சொல்ல விரும்புகிறவன் மைக்கைப் பிடித்துத் தானே சொல்லிக்கொள்வான்.

இன்னொன்று. தனி வாத்தியப் போட்டிப் பட்டியலில் கீபோர்டு, கிடார், வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், தபலா இருக்கிறது. பறை, உறுமி, தவில் இல்லை. கேட்டால், ‘அதான் கிராமிய நடனத்துல இருக்கே’ என்கிறார்கள். இருக்கிறது, இடுப்பில் துண்டு கட்டி, கலர் சட்டை போட்டு, பத்துப் பேர் ஆடுவதற்குப் பின்னால். தனியாக உட்கார்ந்து ஏழு நிமிஷம் பறை வாசித்து, மிருதங்கக்காரனோடு மார்க்குக்கு நிற்க இடம் இல்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கொடுத்தாகிவிட்டது. நம் பட்டியலில் ஒரு வரி சேர்க்க இன்னும் என்ன யோசனை?

இதை எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். ‘பேரு போடாத, மத்ததெல்லாம் எழுதிக்கோ’ என்றான். ‘பேரு போடாட்டி மட்டும் காலேஜ்ல யாருக்கும் தெரியாதா?’ என்றேன். ‘தெரியட்டும். அத நான் சொன்னதா இருக்கட்டும், நீ போட்டதா இருக்க வேணாம்’ என்றான். இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான், அது என்னுடையது இல்லை.

போன மாதம் விடுதி நாளுக்கு அவன் அப்பா வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவர் மேடை ஏறி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஸ்னேர் டிரம்மின் முகத்தைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

‘தோலு இல்லையாப்பா இது?’

‘பிளாஸ்டிக்குப்பா.’

‘அப்ப தீயில காட்ட முடியாதே. தொய்ஞ்சா என்ன பண்ணுவ?’

அவன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துச் சுற்றியிருந்த திருகுகளில் ஒன்றை முறுக்கிக் காட்டினான். அப்பா குனிந்து, விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ‘இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்து’ என்றார்.

ஏற்றினான். சரியாகத்தான் இருந்தது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்