சாவடி போனது, சோதனை போகவில்லை

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும், ஓசூர் எல்லையிலிருந்த ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச் சாவடிக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால், சோதனை ஒழியவில்லை, சர்வருக்குள் குடிபோய்விட்டது. அதுவும் ஒரே சர்வருக்குள் அல்ல.

சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டுதான் இ-வே பில். அதைப் போடுபவரின் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு பக்கம்தான். பின்னால் பல துறைகள் பேசிக்கொள்கின்றன. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் செல்லுமா என்பதை ஒரு பதிவேடு சொல்ல வேண்டும். வண்டி எண்ணைப் போக்குவரத்துத் துறையின் ‘வாகன்’ பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பின்கோடுகளுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட வேண்டும், 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று பில்லின் ஆயுள் அதிலிருந்தே வருகிறது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் சரக்கு விற்றால், இ-இன்வாய்ஸ் தளம் 64 எழுத்து நீள எண்ணும் க்யூஆர் கோடும் தர வேண்டும். 2021 ஜனவரி முதல் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் தகவலும் இதில் சேர்கிறது.

தனித்தனிச் சேவைகளைக் கோத்து ஒரு பெரிய வேலையை முடிக்கும் இந்த முறை அறிவுள்ள ஏற்பாடுதான். ஒரே தகவலை ஐந்து அலுவலகங்களில் எழுதிக்கொடுத்த காலம் யாருக்கும் திரும்ப வேண்டாம். சிக்கல் கணக்கில் இருக்கிறது. 99 சதவீத நேரம் இயங்கும் ஐந்து சேவைகளை ஒன்றையொன்று நம்பியிருக்கும்படி கோத்தால், மொத்தத்தில் கிடைப்பது சுமார் 95 சதவீதம். ஆண்டுக்குப் பதினெட்டு நாள் நின்றுபோவதற்குச் சமம்!

2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் இ-வே பில் கட்டாயமாக்கப்படவிருந்தது. முதல் நாளே தளம் திணறியது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1 என்று தேதியைத் தள்ளி வைத்தார்கள்.

பெரிய ஆலைகளின் கணினிகள் தளத்தோடு நேரடியாகப் பேசும்; பதில் வராவிட்டால் தாமே மறுபடி கேட்கும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய சிறு பட்டறைக்கு அந்த வசதி ஏது? எல்லை தாண்டினால் அது பில்லைத் தவிர்க்கவும் முடியாது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஜாப் ஒர்க் போகும் சரக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பில்லே தேவையில்லை. அதே உதிரிபாகம் பிளேட்டிங்குக்காக எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவுக்குப் போனால், மதிப்பு எவ்வளவு குறைவானாலும் பில் கட்டாயம். பில் இல்லாமல் வண்டி பிடிபட்டால், சரக்கின் உரிமையாளரே முன்வந்து கட்டும் அபராதம் வரியைப் போல இரு மடங்கு.

2025 ஜூலையில் இரண்டாவது இ-வே பில் தளம் திறந்தார்கள்; ஒன்று முடங்கினால் மற்றதில் பில் போடலாம். நல்லது. ஆனால், முடங்கியது வாகன் பதிவேடாக இருந்தால் இரண்டாவது வாசல் என்ன செய்யும்?

சேவைகளைக் கோப்பவருக்கே பொறுப்பு என்று விதி எழுத வேண்டும். எந்தச் சேவை பதில் சொல்லவில்லை என்பதை, நேரத்தோடும் ஒரு எண்ணோடும் தளம் அச்சிட்டுத் தரட்டும். பட்டறைக்காரர் முயன்றதற்கு அதுவே தற்காலிகச் சான்றாகட்டும். வண்டி அதைக் காட்டிவிட்டுப் போகட்டும், பில் பிறகு வரட்டும். ஓசூரின் ஹோஸ்டியா போன்ற சிறுதொழில் சங்கங்கள் இதை ஜிஎஸ்டி கவுன்சிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கர்நாடகமும் தமிழ்நாடும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.