வழவழப்பு வேற, மட்டம் வேற

2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ, ஆலங்குடி பக்கம் எங்க அம்மா பொறந்த வீட்டுப் பலாமரம் வேரோட சாஞ்சிடுச்சு. அம்மா சின்னப் புள்ளையில ஊஞ்சல் கட்டி ஆடின மரம். விறகுக்குக் குடுக்க மனசு வரலை. அறுத்து, நல்லதா ரெண்டு பலகை எடுத்து, நடுவுல கட்டை வெச்சு அடுக்கி, நிழல்ல வருஷக்கணக்கா காயப் போட்டேன். அஞ்சடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை இஞ்ச் கனம். ரெண்டையும் ஒட்டி அம்மாவுக்கு ஒரு ஊஞ்சல் பலகை. திட்டம் அவ்ளோதான்.

காயும்போது ரெண்டுமே முறுக்கிக்கிச்சு. தரையில போட்டா ஒரு மூலை மூணு நூல் தூக்கி நின்னுச்சு. (இஞ்சுக்கு எட்டு நூல். தெரிஞ்சவங்க மன்னிக்க.)

முதல் பலகையை மில்லுக்குத் தூக்கிட்டுப் போனேன்.

"அண்ணே, முறுக்கு எடுக்கணும்."

"மெஷின்ல விட்டா தானா நேராயிடும் தம்பி."

திக்னஸர்ல ஆறேழு தடவை விட்டாங்க. வெளிய வந்த பலகை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வழியெல்லாம் தடவிக்கிட்டே வந்தேன். வீட்டுத் தரையில வெச்சேன். டொக்! அதே மூலை, அதே மூணு நூல். கனம் மட்டும் ஒரு இஞ்சா ஆகியிருந்துச்சு. இதுக்கு மேல முறுக்கு எடுத்தா மிஞ்சுறது அஞ்சு நூல். அதுல ஊஞ்சலா ஆடுறது?

என் கட்சி இதுதான்: திக்னஸர் பலகையை நேராக்காது. அதுக்கு அந்த வேலையே தெரியாது. மேல இருக்கிற உருளைகள் பலகையை மேஜையோட அமுக்கி இழுக்குது, கத்தி மேல்பக்கத்தைச் சீவுது. கீழ்ப்பக்கம் எப்படி இருக்கோ அதுக்கு இணையா மேல்பக்கம் வரும். கீழ கோணல்னா மேலயும் கோணல், ரெண்டும் ஒரே கனத்துல. உருளையை விட்டு வெளிய வந்ததும் பலகை பழைய நெளிவுக்கே திரும்பிடும்.

நேராக்குறது சர்ஃபேஸ் பிளேனர். ரெண்டு மேஜை, நடுவுல கத்தி. பின்மேஜை கத்தி முனையோட சமமா இருக்கும், முன்மேஜை சீவற அளவுக்குத் தாழ்ந்து இருக்கும். குழிஞ்ச பக்கத்தைக் கீழ வெச்சுத் தள்ளணும். முதல்ல ஒரு முகம் மட்டம். அந்த முகத்தை ஓரச்சட்டத்துல அணைச்சு ஒரு விளிம்பு, மூலைமட்டம் வெச்சா வெளிச்சம் தெரியாத அளவுக்கு. அப்புறம்தான் திக்னஸர். எதிர் விளிம்பு கடைசியா வட்ட ரம்பத்துல. இந்த வரிசையை மாத்தினா எல்லாம் போச்சு.

கடுப்பு என்னன்னா, அந்த மில்லுல சர்ஃபேஸ் பிளேனரும் இருந்துச்சு, மேல சாக்கு மூட்டை அடுக்கி! கையால தள்ளணும், நேரமாகும். திக்னஸர் தானா இழுத்துக்கும். வாங்குறவங்களும் தடவித்தானே பாக்குறோம்? (சில பட்டறையில கை பிளேனரைக் கவுத்துப் போட்டு மேஜையில இறுக்கி, மூடி இல்லாம ஓட்டுறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். நறுக்குன்னு போற விரலை எந்தப் பசையும் ஒட்டாது.)

ரெண்டாவது பலகையை மில்லுக்கு அப்படியே கொண்டு போகலை. பக்கத்துத் தெரு ஆசாரி மாமா சொன்னபடி, ரெண்டு நேர்ச்சட்டத்தை ரெண்டு கோடியிலயும் குறுக்கே வெச்சு ஒத்தைக் கண்ணால பாத்தேன். எந்த மூலை ஏறியிருக்குன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது. இழைப்புளியால ஒரு முகத்தை மட்டம் பண்ண ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு, தோள்பட்டையும் போச்சு :-) இழைப்புளி இல்லாதவங்க தட்டையான பிளைவுட் மேல பலகையை வெச்சு, தூக்குற இடத்துல ஆப்பு சொருகி, ஆடாம இறுக்கி, அப்படியே திக்னஸர்ல விடலாம். அதுவும் வேலை செய்யும்.

மட்டமான முகத்தைக் கீழ வெச்சு அதே மில்லுல விட்டேன். ஒரு இஞ்ச் ஒரு நூல் மிஞ்சுச்சு. தரையில வெச்சா சத்தமே இல்லை.

முறுக்கின பலகையை மூணா அறுத்துட்டேன். நீளம் குறைஞ்சா முறுக்கும் குறையும், அதனால துண்டு துண்டா மட்டம் பண்ண ஒரு நூல் போனாலே போதுமா இருந்துச்சு. மூணு மணை ஆச்சு. இதை மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கலாம்.

ஊஞ்சல் இப்போ ஓரடி அகலம்தான். அம்மா ஒல்லி, ஆடுறாங்க. நான் உட்கார வேண்டாம்னு சொல்லிட்டாங்க.